சாய்ந்த சாலையில் திரும்பும் வாகனம்: விசைகளை வரைவது முதல் வளைவை அளப்பது வரை

மலைப்பாதையில் ஏறும் பேருந்தில் முன் இருக்கை கிடைத்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். முன்கண்ணாடிக்கு மேலே கட்டித் தொங்கவிட்ட பாசிமணிச் சரம், நேர்ச்சாலையில் பேருந்தின் தரைக்குச் செங்குத்தாகத் தொங்குகிறது. வளைவில் வெளிப்பக்கமாக ஒதுங்கி, வளைவு முடியும்வரை அப்படியே நிற்கிறது. பிறகு இரண்டு முறை ஆடிவிட்டு நேராகிறது. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. இந்தச் சரத்தைப் பார்த்துக்கொண்டே ஏறினால், வளைவுச் சாலையின் இயற்பியலில் பெரும்பகுதியைப் படித்துவிடலாம். பாடநூல்களில் சமன்பாடுகளாக வரும் சறுக்கல், கவிழ்தல், சாலைச் சாய்வு ஆகிய மூன்றையும் இச்சரம் காட்டும் ஒரே கோணத்தைக் கொண்டு கணக்கிடுவதே இவ்வழிகாட்டியின் முறை. பள்ளி அளவில் டேன், காஸ் தெரிந்திருந்தால் போதும்.

முதற்படி: முடுக்கம் எந்தப் பக்கம் என்று உறுதிசெய்தல்

வட்டப்பாதையில் சீரான வேகத்தில் செல்லும் வாகனத்தின் திசை நொடிக்கு நொடி மாறுவதால், அதற்கு வட்டத்தின் மையத்தை நோக்கி ஒரு முடுக்கம் உண்டு. அதன் அளவு, வேகத்தின் இருமடியை வளைவின் ஆரத்தால் வகுத்தது. இதில் இரண்டு செய்திகளை இப்போதே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ஒன்று, வேகம் இருமடங்கானால் முடுக்கம் நான்கு மடங்காகிறது. மற்றொன்று, சாலை எவ்வளவு சாய்ந்திருந்தாலும் இம்முடுக்கம் கிடைமட்டமானது. ஏனெனில் வாகனம் சுற்றும் வட்டம் கிடைமட்டத் தளத்தில் இருக்கிறது, சாலையின் சரிவுத் தளத்தில் இல்லை. மாணவர்கள் செய்யும் பிழைகளில் பாதி, இந்த இரண்டாவது செய்தியை மறப்பதால் வருபவை.

நம்மை வெளிப்பக்கம் தள்ளுவதாகத் தோன்றும் மையவிலக்கு விசை, பேருந்தோடு சேர்ந்து திரும்பும் நம் பார்வையில் மட்டும் கணக்கில் வரும் போலி விசை. சாலையோரம் நிற்பவரின் பார்வையில் அப்படி ஒரு விசை இல்லை. நம் உடல் நேராகச் செல்ல முனைகிறது, பேருந்து உள்பக்கம் திரும்புகிறது, அவ்வளவே. இரண்டு பார்வைகளிலும் விடை ஒன்றுதான், ஆனால் இரண்டையும் ஒரே படத்தில் கலந்தால் விடை கெடும். இங்கே சாலையோரம் நிற்பவரின் பார்வையையே கொள்வோம்.

இரண்டாம் படி: சரத்தின் கோணம்

சரத்தின் நுனியில் உள்ள மணியின் மீது இரண்டே விசைகள் உள்ளன: கீழ்நோக்கிய எடை, சரத்தின் வழியாக மேல்நோக்கிய இழுவிசை. இழுவிசையின் செங்குத்துக் கூறு எடையைத் தாங்குகிறது. கிடைமட்டக் கூறு மணியை மையம் நோக்கி முடுக்குகிறது. முதலாவது நிறை × ஈர்ப்பு முடுக்கம். இரண்டாவது நிறை × வேகம்² ÷ ஆரம். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் நிறை நீங்கிவிடுகிறது. உண்மையான செங்குத்துக் கோட்டிலிருந்து சரம் விலகும் கோணத்துக்குச் சரக்கோணம் எனப் பெயரிட்டால்:

டேன் (சரக்கோணம்) = வேகம்² ÷ (ஆரம் × ஈர்ப்பு முடுக்கம்)

இனி முக்கியமான இடம். பேருந்தும் மணியும் ஒரே முடுக்கத்தில் செல்கின்றன. மணியைத் தாங்குவது சரம். பேருந்தைத் தாங்குவது சாலை. ஆகவே சரம் மணிக்குச் செய்வதை அதே திசையில் சாலை பேருந்துக்குச் செய்தாக வேண்டும். சாலை தரும் மொத்த விசை, அதாவது தளத்துக்குச் செங்குத்தான எதிர்விசையும் தளத்தின் வழியான உராய்வும் சேர்ந்தது, எப்போதும் சரம் இருக்கும் கோட்டின் வழியாகவே அமையும். இதை ஒருமுறை ஏற்றுக்கொண்டால், அடுத்து வரும் கணக்குகள் எல்லாம் கோணங்களைக் கூட்டிக் கழிக்கும் வேலைதான்.

மூன்றாம் படி: சமதளச் சாலை

சாலை சாயாமல் இருந்தால் எதிர்விசை நேர் மேல்நோக்கியே இருக்கும். வளைவுக்குத் தேவையான பக்கவாட்டு விசை முழுவதையும் டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வுதான் தர வேண்டும். எதிர்விசைக்கு உராய்வு என்ன விகிதத்தில் உள்ளதோ, அதுவே சரக்கோணத்தின் டேன். டயரும் சாலையும் சேர்ந்து தரக்கூடிய அந்த விகிதத்தின் உச்ச அளவே உராய்வுக் குணகம். விகிதம் அதைத் தாண்டும்போது வாகனம் சறுக்கும்.

50 மீட்டர் ஆரமுள்ள வளைவை எடுத்துக்கொள்வோம். காய்ந்த தார்ச்சாலையில் உராய்வுக் குணகத்தை 0.7 என்று கொண்டால், எல்லை வேகத்தின் இருமடி 0.7 × 50 × 9.8 = 343; வேகம் நொடிக்கு 18.5 மீட்டர், அதாவது மணிக்கு 67 கி.மீ. மழையில் குணகம் பாதியாகி 0.35க்கு இறங்கினால் எல்லை வேகம் பாதியாவதில்லை, 47 கி.மீ. ஆகிறது. ஓட்டுநரின் நிறையோ வண்டியின் நிறையோ இக்கணக்கில் வரவில்லை. வேக வரம்புப் பலகையில் நிறைக்கு ஏற்றபடி தனித்தனி எண்கள் இல்லாமல் ஒரே எண் இருப்பதற்கு இதுவே அடிப்படை. ஆனால் கவிழ்தலைப் பேசும்போது இது முழு உண்மை அல்ல என்று தெரியவரும்.

நான்காம் படி: சாலையைச் சாய்த்தல்

வெளிவிளிம்பை உயர்த்தினால் எதிர்விசையே உள்பக்கம் சாய்கிறது. சாலையின் சாய்வுக் கோணம் சரக்கோணத்துக்குச் சமமானால், எதிர்விசை மட்டுமே சரத்தின் கோட்டில் அமைந்துவிடுகிறது. உராய்வுக்கு வேலையே இல்லை. பேருந்தின் உள்ளே பார்த்தால், நேர்ச்சாலையில் போலவே சரம் தரைக்குச் செங்குத்தாகத் தொங்கும். மடியில் வைத்த தேநீர் சிந்தாது. பாடநூலில் மனப்பாடமாக வரும் சமன்பாடு, டேன் (சாய்வு) = வேகம்² ÷ (ஆரம் × ஈர்ப்பு முடுக்கம்), இந்த ஒரு நிலையை மட்டுமே சொல்கிறது.

இங்கேதான் பெரிய பிழை நுழைகிறது. சாய்தளத்தில் வைத்த பெட்டிக்கு எதிர்விசை = எடை × காஸ் (சாய்வு) என்று படித்த கை, இங்கும் அதையே எழுதிவிடுகிறது. பெட்டிக்குத் தளத்துக்குச் செங்குத்தான திசையில் முடுக்கம் இல்லை. அதனால் அது சரி. வளைவில் செல்லும் வாகனத்துக்கு முடுக்கம் கிடைமட்டமாக உள்ளது. செங்குத்துத் திசையில்தான் முடுக்கம் இல்லை. எனவே எதிர்விசையின் செங்குத்துக் கூறு எடைக்குச் சமம்; எதிர்விசை = எடை ÷ காஸ் (சாய்வு). முதல் கணக்கில் எதிர்விசை எடையைவிடக் குறைவு, இரண்டாவதில் எடையைவிட அதிகம். விடைத்தாள்களைத் திருத்தும்போது நான் முதலில் பார்ப்பது இந்த வரியைத்தான். அது தவறென்றால் கீழே உள்ள எதையும் நம்ப முடியாது.

ஐந்தாம் படி: மிச்சக் கோணம்

சாலை ஒரே சாய்வில்தான் கிடக்கிறது. வாகனங்களோ எல்லா வேகத்திலும் வருகின்றன. அப்படியானால் சரக்கோணத்திலிருந்து சாய்வுக் கோணத்தைக் கழித்தால் வரும் மிச்சம் எதைக் காட்டுகிறது? சாலையின் மொத்த விசை சரத்தின் கோட்டில் இருக்கிறது. எதிர்விசை தளத்துக்குச் செங்குத்தாக இருக்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட கோணம்தான் மிச்சக் கோணம். அதன் டேன், உராய்வுக்கும் எதிர்விசைக்கும் உள்ள விகிதம். பேருந்துக்குள் இருப்பவர் கண்ணால் காண்பதும் இந்த மிச்சத்தையே: தரைக்குச் செங்குத்தான நிலையிலிருந்து சரம் ஒதுங்கி நிற்கும் அளவு.

உராய்வுக் குணகத்தைத் தன் டேனாகக் கொண்ட கோணத்தை உராய்வுக் கோணம் என்பார்கள், 0.7க்கு அது 35 டிகிரி. மிச்சக் கோணம் உராய்வுக் கோணத்துக்குள் இருக்கும்வரை வாகனம் சறுக்காது. ஆகவே அதிகபட்ச வேகத்தில்

சரக்கோணம் = சாய்வு + உராய்வுக் கோணம்

குறைந்தபட்ச வேகத்தில்

சரக்கோணம் = சாய்வு − உராய்வுக் கோணம்

பாடநூல்களில் பின்னத்தின் மேலும் கீழும் கூட்டல் கழித்தலோடு வரும் நீண்ட சமன்பாடு, இந்த இரண்டு வரிகளுக்கு டேன் எடுத்து விரித்ததே தவிர வேறில்லை.

முன்பு பார்த்த அதே 50 மீட்டர் வளைவை 10 விழுக்காடு, அதாவது 5.7 டிகிரி சாய்த்துப் பார்ப்போம். சரக்கோணம் 35 + 5.7 = 40.7 வரை போகலாம், டேன் 0.86, எல்லை வேகம் 74 கி.மீ. ஈரச் சாலையில் 47 என்பது 54 ஆகிறது. எதிர்பார்த்ததைவிட இது சிறிய ஆதாயம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சாலையைச் சாய்ப்பதன் பயன் சறுக்கும் எல்லையைத் தள்ளிவைப்பதில் அவ்வளவாக இல்லை. அன்றாட வேகத்தில் உராய்வின் மேல் விழும் பாரத்தைக் குறைப்பதில் இருக்கிறது.

குறைந்தபட்ச வேகம் என்பது உராய்வுக் கோணத்தைவிடச் சாய்வு பெரியதாக இருந்தால் மட்டுமே பொருள்படும். 10 விழுக்காட்டுச் சாய்வில் நிற்கும் வண்டி உள்பக்கம் வழுக்கி இறங்க வேண்டுமானால் உராய்வுக் குணகம் 0.1க்கும் கீழே போக வேண்டும். அது உறைபனி படிந்த சாலையில் நடக்கும். இந்தியச் சாலைப் பேராயத்தின் விதிகள் பனி படியாத மலைச்சாலைக்கு 10 விழுக்காடு வரையும், பனி படியும் மலைச்சாலைக்கு 7 விழுக்காடு வரையும் மட்டுமே சாய்வை அனுமதிப்பதன் காரணம் இப்போது விளங்கும்.

இதன் எதிர்க்கோடி, பொருட்காட்சிகளில் பலகைகளை அடுக்கிக் கட்டும் மரணக் கிணறு. அங்கே சாய்வு 90 டிகிரி. சரக்கோணம் 90 − 35 = 55 டிகிரிக்குக் குறையாமல் இருந்தால் வண்டி சுவரில் நிற்கும். 5 மீட்டர் ஆரத்துக்கு இது மணிக்குச் சுமார் 30 கி.மீ. வேகம். ஓட்டுபவர் கையை விரித்துக் காட்டுவது வித்தைதான், ஆனால் அவரைச் சுவரில் தாங்குவது இந்தக் கழித்தல் கணக்கு.

ஆறாம் படி: பொறியாளரின் கணக்கு

சாலைப் பொறியாளர்கள் இந்தச் சாய்வைச் சூப்பர் எலிவேஷன் என்றே சொல்கிறார்கள். கோணங்கள் சிறியவை என்பதால் டேன்களையே நேரடியாகக் கூட்டிவிடுகிறார்கள்:

சாய்வு விகிதம் + உராய்வு விகிதம் = வேகம்² ÷ (127 × ஆரம்)

இதில் வேகம் மணிக்குக் கி.மீ., ஆரம் மீட்டர். 127 என்ற எண் வானத்திலிருந்து விழவில்லை, கி.மீ. கணக்கை மீட்டர்–நொடிக்கு மாற்றும் 3.6இன் இருமடியை 9.81ஆல் பெருக்கினால் 127 வருகிறது. உராய்வுக்கு இவர்கள் வைக்கும் அளவு 0.7 அல்ல, 0.15. மழை, தேய்ந்த டயர், சாலையில் சிதறிய மணல், திடீர் பிரேக் எல்லாவற்றுக்கும் இடம் விட்டு, பயணியும் இருக்கையில் நழுவாமல் இருக்கும் அளவு இது. 0.15க்கு உரிய மிச்சக் கோணம் 8.5 டிகிரி.

தேசிய நெடுஞ்சாலைக்கு ஒரு கணக்கு. சமவெளியில் வடிவமைப்பு வேகம் 100 கி.மீ., சாய்வின் உச்ச வரம்பு 7 விழுக்காடு. தேவையான ஆரம் 10,000 ÷ (127 × 0.22) = 358 மீட்டர்; விதியில் இதை 360 என்று முழுமையாக்கியிருக்கிறார்கள். இந்த வளைவில் உராய்வின் துணையே வேண்டாம் என்று முடிவு செய்தால் சாய்வு 22 விழுக்காடாக, 12.3 டிகிரியாக இருக்க வேண்டும். 7 மீட்டர் அகலச் சாலையின் வெளிவிளிம்பு உள்விளிம்பைவிட ஒன்றரை மீட்டர் உயரும். உண்மையில் உயர்த்துவது அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு, 49 செ.மீ. ஏன் முழுவதும் உயர்த்துவதில்லை? அதே சாலையில் கரும்பு ஏற்றிய டிராக்டர் 20 கி.மீ. வேகத்தில் வருகிறது; லாரி ஒன்று பழுதாகி வளைவிலேயே நிற்கிறது. 12 டிகிரி சாய்ந்து நிற்கும் பாரவண்டியின் அச்சாணியையும் கட்டுக்கயிற்றையும் நினைத்துப் பார்த்தால் பொறியாளரின் தயக்கம் புரியும்.

ஆரம் பெரிதாக இருந்தால் சாய்வை எப்படி முடிவு செய்வது? வடிவமைப்பு வேகத்தின் முக்கால் பங்கில் உராய்வே தேவைப்படாதவாறு சாய்வை வைப்பது இந்திய முறை; அதாவது சாய்வு = வேகம்² ÷ (225 × ஆரம்). 800 மீட்டர் ஆரம், 100 கி.மீ. வேகத்துக்கு இது 5.6 விழுக்காடு, உராய்வுக்கு மிஞ்சுவது 0.04 மட்டும். 360 மீட்டர் ஆரத்துக்கு இதே சமன்பாடு 12.3 விழுக்காடு கேட்கும். அப்போது 7இல் நிறுத்திவிட்டு, உராய்வு 0.15ஐத் தாண்டவில்லையா என்று சரிபார்க்க வேண்டும். தாண்டினால் வேக வரம்புப் பலகை நடுவதைத் தவிர வழியில்லை.

கொண்டை ஊசி வளைவுக்கும் இதே அளவுகோல் பொருந்துகிறது. விதிப்படி அதன் குறைந்தபட்ச உள் ஆரம் 14 மீட்டர், வடிவமைப்பு வேகம் 20 கி.மீ., சாய்வு பத்துக்கு ஒன்று. 400 ÷ (127 × 14) = 0.225. இதில் சாய்வு 0.10ஐ ஏற்க, உராய்வுக்கு 0.125 மிஞ்சுகிறது. சரக்கோணம் 12.7 டிகிரி, சாய்வு 5.7, பாசிமணிச் சரம் 7 டிகிரி ஒதுங்கி நிற்கும். பேருந்தின் உடல் வில்தகடுகளின் மேல் வெளிப்பக்கம் சாய்வதால், கண்ணுக்கு இன்னும் சற்றுக் கூடுதலாகத் தெரியும்.

ஏழாம் படி: நடுமேட்டை மறக்காமல் இருத்தல்

நேர்ச்சாலையில் மழைநீர் இருபுறமும் வடிய, தார்ச்சாலையின் நடுப்பகுதி 2 முதல் 2.5 விழுக்காடு உயர்த்தப்படுகிறது. வளைவில் இந்த நடுமேடு அப்படியே இருந்தால், உள்பாதியின் சரிவு உதவும். வெளிப்பாதியின் சரிவு எதிராக வேலை செய்யும். நாம் இடப்பக்கம் செல்வதால், வலப்பக்கம் திரும்பும் வளைவில் வெளிப்பாதியில் இருப்பவர் நாம்தான். எனவே வளைவு தொடங்கும் முன்பே வெளிப்பாதியை முதலில் மட்டமாக்கி, பிறகு உள்பாதியின் சரிவோடு ஒரே தளமாக்கி, அதன்பின் சாலை முழுவதையும் சிறிது சிறிதாகச் சாய்க்கிறார்கள். இம்மாற்றத்துக்கு இடம் தருவதே நேர்க்கோட்டுக்கும் வட்டத்துக்கும் நடுவில் வரும் இடைமாற்ற வளைவு.

எங்கள் ஊருக்குள் வரும் வளைவொன்றில் புதுத் தார் போட்டபோது நடுமேட்டை வளைவிலும் தொடர்ந்துவிட்டார்கள். அதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. முதல் மழையில் தண்ணீர் வெளிவிளிம்பின் வழியாகவும் வடிந்தது. சரியாகச் சாய்த்த வளைவில் தண்ணீர் உள்விளிம்புக்கு மட்டுமே வரும்.

எட்டாம் படி: கவிழுமா, சறுக்குமா?

சாலையின் மொத்த விசை வாகனத்தின் ஈர்ப்பு மையத்தை நோக்கிச் சரத்தின் கோட்டில் செல்ல வேண்டும். சரக்கோணம் கூடக் கூட அக்கோட்டின் அடி வெளிச்சக்கரத்தை நோக்கி நகர்கிறது. வெளிச்சக்கரத்தையும் தாண்டினால் உள்சக்கரங்கள் தூக்கிக்கொள்ளும். ஆகவே கவிழ்தலுக்கும் ஓர் எல்லைக் கோணம் உண்டு. அதன் டேன், சக்கர இடைவெளியின் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தது. மிச்சக் கோணம் உராய்வுக் கோணத்தை முதலில் தொட்டால் சறுக்கல். கவிழ்கோணத்தை முதலில் தொட்டால் கவிழ்தல்.

ஒரு காருக்கு அரை இடைவெளி 0.75 மீட்டர், ஈர்ப்பு மையம் 0.55 மீட்டர் உயரம் எனக் கொண்டால் கவிழ்கோணம் 54 டிகிரி, 35இலேயே சறுக்கிவிடும். வைக்கோலைக் கூரைக்கு மேல் அடுக்கிய லாரிக்கு அரை இடைவெளி 1 மீட்டர், உயரம் 2 மீட்டர் எனக் கொண்டால் கவிழ்கோணம் 26.6 டிகிரி. 50 மீட்டர் சமதள வளைவில் இது 56 கி.மீ. வேகத்திலேயே வந்துவிடும், சறுக்கும் வேகமான 67ஐ அது பார்க்கப்போவதே இல்லை. நிறை கணக்கில் வரவில்லை, ஆனால் நிறை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது வருகிறது. பாதி நிரம்பிய தண்ணீர் லாரியில் நீரும் வெளிப்பக்கம் ஒதுங்குவதால் எல்லை இன்னும் சுருங்கும்.

இருசக்கர வண்டிக்குக் கவிழ்கோணம் கிடையாது. வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து சரத்தின் கோட்டிலேயே சாய்ந்துகொள்கிறார்கள், அவர்களே சரம். அவர்களுக்குச் சறுக்கல் ஒன்றுதான் எல்லை. பின்னால் அமர்ந்தவர் பயத்தில் எதிர்ப்பக்கம் சாய்ந்தால் அந்தக் கோட்டைக் காக்க வண்டி இன்னும் அதிகமாகச் சாய வேண்டியிருக்கும்.

ஒன்பதாம் படி: தண்டவாளம்

ரயிலுக்குப் பக்கவாட்டு உராய்வை நம்பும் வழியில்லை. மிச்சக் கோணத்தின் பாரம் முழுவதும் சக்கர விளிம்பு தண்டவாளத்தை அழுத்துவதில் போய் முடிகிறது. அதனால் வெளித்தண்டவாளத்தை உயர்த்துவது, ரயில்வேக்காரர்களின் சொல்லில் கேன்ட், மில்லிமீட்டர் கணக்கில் பேசப்படுகிறது. அகலப்பாதையில் தண்டவாள மையங்களுக்கு இடைப்பட்ட தூரம் 1750 மி.மீ. என்று கொண்டு, கேன்ட் = 1750 × வேகம்² ÷ (127 × ஆரம்). 875 மீட்டர் ஆரத்தில் 100 கி.மீ. வேகத்துக்கு இது 157 மி.மீ.; உச்ச வரம்பான 165க்குள் இருக்கிறது. ஆனால் அதே பாதையில் 60 கி.மீ. வேகத்தில் வரும் சரக்கு ரயிலுக்கு 57 போதும். 157ஐயே வைத்தால் சரக்கு ரயிலுக்கு 100 மி.மீ. மிகை, உள்தண்டவாளம் நசுங்கித் தேயும். பற்றாக்குறைக்கும் மிகைக்கும் பொதுவாக வைக்கும் வரம்பு 75 மி.மீ. ஆகவே 85 என்று வைத்தால் விரைவு ரயிலுக்கு 72 பற்றாக்குறை, சரக்கு ரயிலுக்கு 28 மிகை, இரண்டும் அடங்கும். சிக்னலுக்காக வளைவில் நின்ற ரயிலில் தண்ணீர்ப் போத்தலின் நீர்மட்டம் சரிந்திருப்பது இந்தக் கேன்ட்டால்தான்.

ஒரே வேகத்தில் எல்லோரும் செல்லும் இடத்தில் மட்டுமே துணிந்து சாய்க்க முடியும். புளோரிடாவில் 1959இல் திறந்த டேட்டோனா பந்தயத் தடத்தின் வளைவுகள் 31 டிகிரி சாய்ந்தவை. சுமார் 300 மீட்டர் ஆரத்துக்கு உராய்வு தேவைப்படாத வேகம் 150 கி.மீ. அளவே, அதற்கு மேல் ஓட்டும் ஒவ்வொரு கி.மீ.க்கும் டயர் பொறுப்பு.

பத்தாம் படி: உங்கள் ஊர் வளைவை அளந்து பார்த்தல்

போக்குவரத்து இல்லாத விடியற்காலையில், துணைக்கு இருவரை நிறுத்திக்கொண்டு செய்ய வேண்டிய வேலை இது. சாலையின் உள்விளிம்பில் 20 மீட்டர் கயிற்றின் இரு முனைகளையும் வைத்து இறுக்கிப் பிடியுங்கள். கயிற்றின் நடுவிலிருந்து விளிம்பு எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளவுங்கள். கயிற்று நீளத்தின் இருமடியை விலகலின் எட்டு மடங்கால் வகுத்து, அதோடு விலகலில் பாதியைக் கூட்டினால் ஆரம். விலகல் 1.5 மீட்டர் என்றால் 400 ÷ 12 + 0.75 = 34 மீட்டர்.

அடுத்து, 2 மீட்டர் நேர்ச்சட்டத்தைச் சாலைக்குக் குறுக்காக வைத்து, அதன் மேல் கொத்தனாரின் ரசமட்டத்தை வையுங்கள். குமிழி நடுவுக்கு வரும்வரை தாழ்ந்த முனையைத் தூக்கி, அம்முனைக்கும் சாலைக்கும் உள்ள இடைவெளியை அளவுங்கள். 12 செ.மீ. என்றால் சாய்வு 6 விழுக்காடு. வெளிப்பாதியிலும் உள்பாதியிலும் தனித்தனியாகப் பாருங்கள். இரண்டும் வேறுபட்டால் நடுமேடு நீக்கப்படவில்லை.

வேகம் = 127 × 34 × (0.06 + 0.15) என்பதன் வர்க்கமூலம், விடை மணிக்கு 30 கி.மீ. வளைவுக்கு முன் நட்ட பலகையில் உள்ள எண்ணோடு இதை ஒப்பிட்டுக்கொள்ளலாம். அன்று மாலை அதே வளைவில் பேருந்து 30 கி.மீ. வேகத்தில் திரும்பினால் பாசிமணிச் சரம் எட்டரை டிகிரி ஒதுங்கும். 40இல் திரும்பினால் சரக்கோணம் 20 டிகிரியைத் தாண்டி, சாய்வு 3.4 போக, 17 டிகிரி ஒதுங்கி நிற்கும்.